பண்ணிடலாம் சார்

எழுதத் தெரிந்தவர்கள் உட்கார வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் அதற்கு மன்னித்துவிடுங்கள். பத்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் என் பெட்டிக்கடை வாசலில் தொங்கும் அட்டையில்தான். "பால் தீர்ந்தது", "ஐஸ் நாளைக்கு", இந்த மாதிரி. நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்குக் குரல் வெளியே வராது. கடைக்கு வருகிறவர்கள் வேண்டியதை அவர்களே எடுத்துக்கொண்டு, விலையையும் அவர்களே சொல்லிவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்டவள் ஒரு மனிதரைப் பற்றி எழுதலாமா என்று தயங்கினேன். எழுதாவிட்டால் அவரைப் பற்றி மிச்சமிருப்பது அவர் கம்பெனிக்காக எடுத்த போட்டோக்கள் மட்டும்தான். அந்தப் போட்டோக்களின் லட்சணம் எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு பக்கம் ஏரியும் ஒரு பக்கம் கடலுமாக இருக்கும் குப்பம் எங்களுடையது. அங்கே சில வருஷங்களுக்கு முன் வாராவாரம் பைக்கில் வந்துகொண்டிருந்தவர் அவர். சோப்பு, ஷாம்பு, டீத்தூள், பிஸ்கட், கொசுவத்தி எல்லாம் செய்கிற ஒரு பெரிய கம்பெனியின் ஆள். கழுத்தில் தொங்கிய அட்டையில் அவர் பெயர் இருந்தது. ஆனால் எங்கள் ஊர்க் காற்றில் அந்த அட்டை எப்போதும் முதுகைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். அதனால் ஊரே ஒரு பெயர் வைத்தது. பண்ணிடலாம் சார்.

யார் என்ன கேட்டாலும் அவர் வாயில் வருவது அந்த ஒரு சொல்தான். நமத்துப்போன பிஸ்கட்டைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா? பண்ணிடலாம். சின்ன சோப்பு வருவதில்லையே? பண்ணிடலாம். படகுக்காரர் தேசப்பன் எங்கள் ஊரின் வாய். அவர் ஒருநாள் வேண்டுமென்றே கேட்டார்.

"சார், முகத்துவாரம் தூந்து போயி போட்டு வெளிய போவ மாட்டேங்குது. உங்க கம்பெனில சொல்லி கொஞ்சம் மண்ண வார சொல்றீங்களா?"

"பண்ணிடலாம்ணே" என்றார் அவர். சொல்லிவிட்டு போனில் ஏதோ தட்டிக்கூட வைத்துக்கொண்டார்.

ஏமாற்றுக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. ஏமாற்றுகிறவன் சொல்லும்போது வாய் ஒரு பக்கம் கண் ஒரு பக்கம் இருக்கும். இவருக்கு இரண்டும் சேர்ந்தே சொல்லும். எங்களுக்குப் "பண்ணிடலாம்" என்று சொல்லிவிட்டு, போனில் சென்னை மேனேஜருக்கும் "பண்ணிடலாம் சார்" என்பார். நாங்கள் கேட்டதும் மேனேஜர் கேட்டதும் ஒன்றுக்கொன்று நேர் எதிராக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் அவர் வெயிலில் ஷூ போட்டுக்கொண்டு மணலில் நின்றுகொண்டிருப்பார்.

எங்கள் ஊரை அவர் "வளர்ற மார்க்கெட்க்கா" என்பார். எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் ஊரில் வருஷா வருஷம் தவறாமல் வளர்வது முகத்துவாரத்து மணல் ஒன்றுதான்.

கம்பெனிக்கு எல்லாவற்றுக்கும் போட்டோ வேண்டும். கடைக்கு வந்தேன் என்பதற்குப் போட்டோ. ஷாம்பு சரங்களைத் தொங்கவிட்டேன் என்பதற்குப் போட்டோ. எடுத்த இடம் எது என்பதை போனே கண்டுபிடித்துக் கம்பெனிக்குச் சொல்லிவிடுமாம். அவ்வளவு நம்பிக்கை, தங்கள் ஆட்கள் மேல். ஆனால் என் கடையில் சிக்னல் கிடையாது. ஊரில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் புயல் பாதுகாப்பு மையத்தின் படிக்கட்டு. அவர் என்னைப் பார்த்தார். நான் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. என் மௌனத்தை எல்லோரும் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள், அவரும் எடுத்துக்கொண்டார். கடையில் தொங்கிய சரங்களை எல்லாம் கழற்றித் தோளில் மாலை மாலையாகப் போட்டுக்கொண்டு நான் முன்னே போக, அவர் கொசுவத்தி அட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள், "இன்னா, அம்மனுக்கு ஷாம்பு சாத்தப் போறீங்களா?" என்று கேட்டார்கள். பாதுகாப்பு மையத்தின் கிரில் கதவில் எல்லாவற்றையும் அழகாகத் தொங்கவிட்டோம். போட்டோ எடுத்தார். பச்சைக் குறி வந்தது.

அடுத்த வாரம் பார்த்தால் கம்பெனிக் கணக்கில் எங்கள் ஊரில் இரண்டு கடைகள் இருந்தன. ஒன்று என் கடை. இன்னொன்று "பாதுகாப்பு மைய ஸ்டோர்ஸ்". என்னுடையதைவிட அதுதான் பெரிய கடையாம். தூண், மாடி, படிக்கட்டு எல்லாம் இருக்கிறதே. அதற்குத் தனியாக டார்கெட் வந்தது. ஆயுத பூஜைக்கு ஒரு சுவர்க் கடிகாரம்கூட அந்தக் கடை முதலாளிக்குப் பரிசாக வந்தது. அதை என் கடையில்தான் மாட்டியிருக்கிறேன். இன்னும் ஓடுகிறது.

"சார், அது கட இல்லனு சொல்லிடக் கூடாதா?" என்று அஞ்சலை கேட்டாள். அவள் என் பக்கத்து வீட்டுக்காரி. தலையில் மீன் கூடையோடு, கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் நெல்லுக்காரர்களின் கிராமங்களுக்குப் போய் விற்பவள். கேட்க வேண்டியதை எல்லாம் எனக்கும் சேர்த்து அவளே கேட்டுவிடுவாள்.

"சொல்லலாம்க்கா. ஆனா ஒரு கட கொறைஞ்சா, ஏன் கொறைஞ்சுதுனு கேப்பாங்க" என்றார்.

அது மட்டுமா? கம்பெனியின் வரைபடத்தில் சரக்கு போகாத இடமெல்லாம் வெள்ளையாக இருக்குமாம். அந்தக் கணக்குப்படி எங்கள் ஏரி முழுக்க வெள்ளை. உண்மைதான், ஏரிக்குள் யாரும் சோப்பு விற்பதில்லை. மேனேஜர் போனில் சத்தம் போட்டார்: "இவ்ளோ பெரிய இடத்த வெள்ளையா விட்டு வெச்சிருக்க? சுண்ணாம்புக்குளம் உனக்கு எதிர்லயே இருக்கு. இத முடிச்சிட்டு நேரா அங்க போயிட்டு வா." படத்தில் எதிரில்தான் இருக்கிறது. ரோட்டில் போனால் பொன்னேரி போய், நெடுஞ்சாலை ஏறி, ஏரியையே சுற்றிக்கொண்டு போக வேண்டும். இவர் என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

தேசப்பன் படகில் அவரையும் ஒரு பிஸ்கட் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போனார். பாதி ஏரியில் படகு சேற்றில் தட்டி நின்றது. தண்ணீர் முழங்கால் அளவுதான். பண்ணிடலாம் சார் இஸ்திரி போட்ட பேன்ட்டோடு இறங்கி, பிஸ்கட் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் படகைத் தள்ளினார். அப்போது பார்த்து போன் மணி அடித்ததாம். நடு ஏரியில் சிக்னல் அருமையாக இருக்கும். "நீங்கள் ஒரு புதிய கடைக்கு அருகில் இருக்கிறீர்கள். கடை திறந்திருக்கிறதா?" என்று போன் கேட்டிருக்கிறது. சுற்றிலும் தண்ணீர், நாரைகள்.

"இன்னா சார் போட்டீங்க?" என்று தேசப்பன் கேட்டாராம்.

"இன்னிக்கு லீவுனு போட்டுட்டேன்ணே."

இதைத் தேசப்பன் கரைக்கு வந்து எத்தனை தடவை நடித்துக் காட்டினார் என்று கணக்கே இல்லை. பண்ணிடலாம் சாரும் கூட நின்று சிரித்தார். ஆனால் அன்றைக்கு என் கடையில் உட்கார்ந்து சோடா குடிக்கும்போது, ஈரப் பேன்ட்டைப் பிழிந்துகொண்டே ஒரு விஷயம் சொன்னார்.

அவர் அந்தக் கம்பெனியின் ஆளே இல்லை. கம்பெனி ஒரு ஏஜென்சியை வைத்திருக்கிறது, அந்த ஏஜென்சி இன்னொரு ஏஜென்சியை வைத்திருக்கிறது, அந்த ஏஜென்சியின் ஆள் இவர். சட்டை மட்டும்தான் கம்பெனியுடையது. பொன்னேரிப் பக்கம் நெல் விளைகிற கிராமம் அவருக்கு. அவருடைய நைனா பெண் பார்க்கப் போன இடத்தில் அந்தச் சட்டையைக் காட்டி, "பையன் கம்பெனில பர்மனென்ட்டு" என்று சொல்லிவிட்டார். பெண்ணின் அப்பா இவரைத் தனியாகக் கூப்பிட்டு, "பர்மனென்ட்டுதானே மாப்ள?" என்று கேட்டிருக்கிறார்.

"நீங்க இன்னா சொன்னீங்க?" என்றாள் அஞ்சலை.

"பண்ணிடலாம் மாமானு சொல்லிட்டேன்க்கா."

தை மாதம் கல்யாணம். அதற்குள் பர்மனென்ட் ஆக வேண்டும். ஆக்குவது மேனேஜர் கையில் இருக்கிறது. அழைப்பிதழில் அவர் பெயருக்குக் கீழே, படிப்பு போடுகிற இடத்தில், கம்பெனியின் பெயரை அச்சடித்துவிட்டார்கள். முதல் பத்திரிகையை எனக்குத்தான் கொடுத்தார்.

இந்த நிலைமையில்தான் கம்பெனிக்கு ஞானோதயம் வந்தது. ஊருக்கு ஒரு பெண்ணைப் பிடித்து, அவளையே அந்த ஊரின் ஏஜென்டாக ஆக்கிவிடுவது. அவளுக்கு மட்டும்தான் சரக்கு. மற்றவர்கள் அவளிடம் வாங்கிக்கொள்ள வேண்டும். இதனால் பெண்கள் முன்னேறுவார்களாம். ஊருக்கு ஒரு பெண் முன்னேறினால் மீதிப் பெண்கள் என்ன ஆவார்கள் என்பது கம்பெனிக்குத் தெரியாது, அல்லது அதற்கு வேறு ஒரு திட்டம் இருந்திருக்கும்.

ஊர்ப் பெரியதனம் கோதண்டம் மாமா முன்னால் போய் நின்று பண்ணிடலாம் சார் இதைச் சொன்னார்.

"ஒரு ஊருக்கு ஒரு பொம்பள தானா?" என்றார் மாமா.

"ஆமாங்கய்யா. கம்பெனி ரூல்."

"மத்தவளுங்க எல்லாம் இன்னாத்துக்கு கீறாளுங்க? வேடிக்க பாக்கவா?"

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஏரியில் வலை போட நல்ல இடங்கள் சிலதான் உண்டு. முந்துகிறவன் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஊரில் பாதிப் பேர் மண்டை உடைந்திருக்கும். அதனால் சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறோம். இன்றைக்கு இந்த இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு. ஒவ்வொரு குடும்பத் தலைக்கட்டுக்கும் ஒரு முறை. இதற்குப் பாடு என்று பெயர். இறால் கொட்டினாலும் பாடு, வெறும் பாசி வந்தாலும் பாடு. எங்கள் ஊரில் ஒரு பொருளை ஒருவருக்கு மட்டும் கொடுக்க முடியாது. கொடுத்தால் அதை என்ன செய்வது என்றே எங்களுக்குத் தெரியாது.

மாமா சொன்னார்: "பாடு போட்டுக்கறோம். ஒரு நாளைக்கு ஒரு தலக்கட்டு. அன்னிக்கு அந்த வூட்டுப் பொம்பளதான் உன் ஏஜென்ட்டு. வர்ற லாபம் அவளுக்கு. இன்னா சொல்ற?"

பண்ணிடலாம் சார் மாமாவைப் பார்த்தார், போனைப் பார்த்தார். ஊருக்கு ஒருவர் என்பது கம்பெனி. ஒருவருக்கு மட்டும் கூடாது என்பது ஊர்.

"பண்ணிடலாம்யா" என்றார். "ஆனா போன்ல ஒரு பேர்தான் ஏறும்."

"அப்ப அம்மா பேரப் போடு. ஊரு பொதுவுல இன்னா வாங்குனாலும் அம்மா பேர்லதான் வாங்குவோம். மைக் செட்டு, அண்டா, ஜெனரேட்டர் எல்லாம் அம்மாதுதான்."

"அம்மா பேருங்கய்யா?"

"கங்கம்மா."

தட்டிக்கொண்டார். அவர் கங்கம்மாவை மாமாவின் தாயார் என்றோ, ஊரிலேயே வயதான யாரோ என்றோ நினைத்திருக்கிறார். மறுவாரம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, "கங்கம்மா வீடு எதுக்கா? பெரியவங்க, ஒரு மரியாதைக்குப் பாத்துட்டு வரேன்" என்று அஞ்சலையிடம் கேட்டார். அஞ்சலை கையை நீட்டிக் காட்டினாள். அவர் போன வேகத்தில் கோயில் வாசலில் நின்றார். உள்ளே கங்கையம்மன் மஞ்சள் பூசி, வெள்ளிக் கண் வைத்து, வேப்பிலைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். கையிலிருந்த சீப்பைப் பார்த்தார். பிறகு ஷூவைக் கழற்றினார். வாழைப்பழத்தை வைத்தார்.

"சார், போன்ல ஏஜென்ட்டு போட்டோ கேக்குமே, இன்னா பண்ணுவீங்க?" என்றாள் அஞ்சலை.

அவர் அம்மனைக் கும்பிட்டுவிட்டு ஒரு போட்டோ எடுத்தார். பாதுகாப்பு மையப் படிக்கட்டில் ஏறியதும் போன் கொஞ்ச நேரம் யோசித்தது. "முகம் தெளிவாக உள்ளது. நன்றி" என்று பச்சைக் குறி காட்டியது. இத்தனை போட்டோ கேட்கிற கம்பெனியில் ஒரு போட்டோவையும் ஒரு மனிதரும் பார்ப்பதில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அதன் பிறகு நடந்ததை எந்தக் கம்பெனியும் எதிர்பார்த்திருக்காது. ஆர்டர் போடுவதற்கென்று ஏஜென்டுக்குக் கம்பெனி கொடுத்த போன் கோயில் மைக் செட் பெட்டிக்குள் இருக்கும். யாருடைய பாடோ அவள் அதை எடுத்துக்கொண்டு சிக்னல் படிக்கட்டுக்குப் போவாள். விடியற்காலையில் வீட்டுக்காரரைக் கடலுக்கு அனுப்புகிறவள் அப்போதே ஆர்டர் போடுவாள். கருவாடு காயவைக்கிறவள் உச்சி வெயிலில் போடுவாள். அவளவள் பாடு அன்று மற்றவர்கள் எல்லாம் அவளிடம் வாங்குவார்கள், தங்கள் பாடு அன்று அவள் வாங்க வேண்டுமே. மீன் விற்கப் போகிறவர்கள் கூடையில் மீனுக்குப் பக்கத்தில் சோப்பையும் வைத்துக்கொண்டு, நெல்லுக்காரர் கிராமங்களில் எல்லாம் விற்றார்கள். என் கடையும் படுக்கவில்லை. என் முறை வரும்போது எனக்கும் கிடைத்தது. சோப்பில் கொஞ்சம் மீன் வாசனை வந்தது என்று யாரோ சொன்னார்களாம். அதற்கும் அவர் பண்ணிடலாம் என்று சொல்லியிருப்பார்.

ஒருநாள் புயல் பாதுகாப்பு மையத்தின் அடியில், நிழலில், நாங்கள் நாலைந்து பெண்கள் இறால் உரித்துக்கொண்டிருந்தோம். அவர் படிக்கட்டில் நின்று மேனேஜரோடு பேசினார். காற்றில் கேட்காததால் சத்தத்தை வெளியில் போட்டிருந்தார். எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"யாருப்பா இந்த கங்கம்மா? நம்ம ரீஜன்லயே ஃபர்ஸ்ட் வந்துட்டாங்க!"

"ஆமா சார்."

"விடிகாலை, மத்தியானம், சாயந்தரம்னு எந்த நேரம் பாத்தாலும் ஆர்டர் வருது. தூங்கவே மாட்டாங்களா?"

அவர் திரும்பிக் கோயில் பக்கம் பார்த்தார். "தூங்க மாட்டாங்க சார்."

"அந்த ஊர்ல எத்தன வருஷமா இருக்காங்க?"

"ஊரு உண்டானதுலேர்ந்தே இருக்காங்க சார்."

"ஓ, சொந்த ஊரா. ஊர்ல செல்வாக்கு எப்படி?"

"அவங்களக் கேக்காம ஒரு போட்டுகூட தண்ணில இறங்காது சார்."

எங்கள் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன.

"வெரி குட். வீட்டுக்காரர்?"

"வடக்க இருக்காரு சார். மலைப்பக்கம்."

"ஆர்மியா?"

அஞ்சலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தார். "அந்த மாதிரிதான் சார்."

அந்தப் பேச்சில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் அந்த மனிதர். முடியாது என்று சொல்லத் தெரியாதவருக்குப் பொய் சொல்லவும் வரவில்லை. கடைசியில் மேனேஜர் சொன்னார்: "அடுத்த வாரம் நானே வரேன். கங்கம்மாவுக்கு சால்வ போத்தி, போட்டோ எடுத்து மும்பைக்கு அனுப்பணும். உன் பர்மனென்ட் லெட்டரையும் கையோட கொண்டு வரேன். ஏற்பாடு பண்ணிடு."

சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் எல்லோருக்கும் தை மாதம் ஞாபகம் வந்தது.

"பண்ணிடலாம் சார்" என்றார் அவர். முதல் தடவையாக அவர் கண் அதைச் சொல்லவில்லை.

மேனேஜர் வருவதற்கு முந்தின நாள் மாலையே பண்ணிடலாம் சார் வந்துவிட்டார். கோதண்டம் மாமாவிடம் கெஞ்சினார். "அய்யா, நாளைக்கு யாராச்சும் ஒரு அம்மா, கொஞ்ச நேரத்துக்கு மட்டும், நான்தான் கங்கம்மானு..."

மாமா கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "தம்பி, அம்மா பேர வாங்கிக்கினு ஒருத்தி நின்னுட்டா, அப்புறம் அவ புருசன் எந்த தைரியத்துல தண்ணில இறங்குவான்? அம்மா எடத்துல யாரும் நிக்கக் கூடாது. உனக்கு வேற இன்னா வேணாலும் கேளு."

"பண்ணிடலாம்யா" என்றார். யாரும் நிற்க மாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்துவிட்டு நேராக என் கடைக்கு வந்தார். மறுநாள் பாடு என்னுடையது.

"அக்கா, நீங்க பேசவே வேணாம். அவரு கேப்பாரு. நீங்க தலைய மட்டும் லேசா ஆட்டுங்க, போதும்."

என் வீட்டுக்காரர் தினமும் தண்ணீரில் இறங்குகிறவர். கடையின் பலகை இடுக்கில் அந்தக் கல்யாணப் பத்திரிகை செருகியிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வழக்கம்போலச் சம்மதம் என்று நினைத்துக்கொண்டு போனார்.

மேனேஜரின் கார் ஊருக்குள் நுழையும்போதே மணலில் புதைந்தது. வலைக் கயிறு கட்டி இழுத்து வெளியே எடுத்தார்கள். இறங்கியதும் பாதுகாப்பு மையத்தைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது.

"இதுதானா பாதுகாப்பு மைய ஸ்டோர்ஸ்? ஏன் பூட்டியிருக்கு?"

"புயல் வந்தாதான் திறப்பாங்க சார்."

"ஓ, சீசன் கடை" என்று தலையாட்டிவிட்டு நடந்தார்.

என் வீட்டு வாசலில் அன்றைய சரக்குப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஊர் கூடி நின்றது. கேமராக்காரர் ஒரு பக்கம். மேனேஜரின் ஒரு கையில் பட்டுச் சால்வை, சட்டைப் பையில் நீளக் கவர். அது எதுவென்று எல்லோருக்கும் தெரியும்.

"நீங்கதான் கங்கம்மாவா?"

நான் என் கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேனேஜருக்குப் பின்னால் பண்ணிடலாம் சார் நின்றுகொண்டு, நான் எப்படித் தலையாட்ட வேண்டும் என்று தானே ஆட்டிக் காட்டினார். என் கழுத்து ஒரு பக்கமும் அசையவில்லை.

"பாருங்கப்பா, எவ்ளோ அடக்கம்!" என்றார் மேனேஜர். பிறகு ஊரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். "இன்னிலேர்ந்து பழவேற்காடு தொடங்கி சுண்ணாம்புக்குளம் வரைக்கும், ஏரியச் சுத்தி இருக்கற எல்லா ஊருக்கும் கங்கம்மா ஒருத்தர்தான். நாங்க வேற யாருக்கும் சரக்கு தர மாட்டோம். சின்னச் சின்ன ஆளுங்கள எல்லாம் எடுத்துடறோம்." பண்ணிடலாம் சார் பக்கம் திரும்பினார். "நாளைக்கே எல்லாரையும் கட் பண்ணிடலாம் இல்ல?"

சொல்லிக்கொண்டே சால்வையை உதறி விரித்து என் தோளுக்கு நேராகத் தூக்கினார். கோதண்டம் மாமா தொண்டையைச் செருமினார். அப்போதுதான் ஏரியிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் ஈரத் துண்டோடு கூட்டத்தின் ஓரத்தில் நின்றார்.

பண்ணிடலாம் சார் மாமாவைப் பார்த்தார், என் வீட்டுக்காரரின் ஈரத் துண்டைப் பார்த்தார், அந்தக் கவரைப் பார்த்தார். வாய் திறந்தது. "பண்ணி" என்று பாதி வந்தது. அங்கேயே நின்றது.

"முடியாது சார்" என்றார்.

மேனேஜருக்குக் காதில் விழவில்லை. "இன்னா?"

"முடியாது சார். இவங்க கங்கம்மா இல்ல. இவங்க பேச மாட்டாங்க, அதனால சொல்ல மாட்டாங்க. கங்கம்மா அங்க இருக்காங்க. வாங்க."

முன்னால் நடந்தார். வேறு வழியில்லாமல் மேனேஜர் பின்னால் போனார். ஊரே பின்னால் போனது. கோயில் வாசலில் நின்று, "இவங்கதான் சார்" என்றார்.

மேனேஜர் ரொம்ப நேரம் அம்மனைப் பார்த்தார். அம்மனும் பார்த்தாள்.

"ஆர்மினு சொன்னியே?"

"அது நீங்க சொன்னீங்க சார்."

தேசப்பன் கூட்டத்துக்குப் பின்னால் போய்விட்டார். சிரிப்பை அடக்க அவருக்கு எப்போதும் கொஞ்சம் இடம் வேண்டும். கேமராக்காரர் எப்போதோ செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். விரித்த சால்வையோடு மேனேஜர் நடுவில் நின்றார். சுற்றிலும் ஊர். ஷூவைக் கழற்றினார். பூசாரி சால்வையை வாங்கி அம்மனுக்குச் சாத்தினார். எங்கள் ஏரியில் பாடு போட்டு மீன் பிடிப்பதைப் பற்றிக் கோதண்டம் மாமா பொறுமையாக விளக்கினார். மேனேஜர் ஒரு வார்த்தையும் கேட்டதாகத் தெரியவில்லை. காரில் ஏறும்போது கவர் பையிலேயே இருந்தது.

"காலைல ஆபீஸ் வா. சட்டைய எடுத்துக்கினு வா" என்றார்.

"வரேன் சார்."

கார் போன பிறகு என் கடையில் வந்து உட்கார்ந்தார். நான் சோடா உடைத்துக் கொடுத்தேன். அஞ்சலை பக்கத்தில் இல்லை. வேறு யாரும் கேட்கப் போவதில்லை என்பதால் நானே கேட்டேன்.

"கல்யாணம்?"

நான் பேசியதில் அவர் கொஞ்சம் திடுக்கிட்டார். "பொண்ணோட அப்பாகிட்டப் போயி சொல்லணும்க்கா."

"இன்னானு?"

"இல்லனு." அந்தச் சொல்லைப் புதிதாக வாயில் போட்ட மிட்டாய் மாதிரி ஒரு தடவை புரட்டிப் பார்த்தார். "பர்மனென்ட் இல்ல மாமா. ஆவவும் மாட்டேன்." சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்று, சோடா முடிகிற வரை ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தை போய் ரொம்ப நாள் கழித்துத் தேசப்பன் அவரைப் பொன்னேரியில் பார்த்தாராம். நைனாவோடு சேர்ந்து நெல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தாராம். புதுத் தாலிக்கயிறு மஞ்சள் மாறாத ஒரு பெண் பக்கத்தில் நின்று மூட்டைகளுக்குத் தார்ப்பாய் இழுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாளாம். தேசப்பன் சும்மா இருப்பாரா? "சார், நமக்கு ரெண்டு மூட்ட பாதி வெலைக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

"முடியாதுண்ணே" என்றாராம், தலையை நிமிர்த்தாமலே.

ஆனால் அது பிறகு.

மேனேஜர் வந்து போனதற்கு மறுநாள் பாடு அஞ்சலையுடையது. போனை எடுத்து ஆர்டர் போட்டுப் பார்த்தாள். கங்கம்மா என்று யாரும் இல்லை என்று போன் சொன்னது. அவள் கூடையை எடுத்துக்கொண்டு மீன் எடுக்கப் போய்விட்டாள். மத்தியானம் கம்பெனி வண்டி வந்தது. பாதுகாப்பு மைய ஸ்டோர்ஸுக்கு உரிய கொசுவத்திப் பெட்டிகளைப் பூட்டிய கதவுக்கு முன்னால் இறக்கி வைத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனது.